ஆள்காட்டி ஏன் மரத்தில் கால் வைப்பதில்லை

பறவைகளெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் ஏரிக்கரைப் பறவைகள் ஒன்றுசேர்ந்து ஒரே பெரிய கூடு கட்டத் தொடங்கின. மழை வருவதற்குள் கட்டி முடித்து, எல்லா முட்டைகளையும் அதில் வைத்துவிட வேண்டும் என்பது திட்டம். பொறுப்பு நாரையிடம். முடைவது தூக்கணாங்குருவி. மரத்தைச் சோதிக்கும் வேலை ஆள்காட்டிக்கு.

கூட்டைத் தாங்கவிருந்த கிளையை ஆள்காட்டி அலகால் தட்டிப் பார்த்தது. அலகு பொதுக்கென்று உள்ளே போனது. உள்ளெல்லாம் கரையான். நேரே கூட்டத்துக்குப் போய்ச் சொன்னது.

"அண்ணே, இந்தக் கிளை தாங்காது. வேற கிளைக்கு மாத்துங்க."

எல்லாம் முகம் சுளித்தன. தூக்கணாங்குருவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பத்து நாளா நார் கிழிச்சு முடைஞ்சிருக்கேன். எடுத்த எடுப்புல இப்படியா பேசுறது?"

"நான் கிளையைத்தானே சொன்னேன் தம்பி? உன்னைச் சொல்லலையே!"

நாரை தொண்டையைச் செருமிக்கொண்டது. "இங்க பாரும்மா, நீ சொல்ற விஷயத்தை அப்புறம் பாப்போம். மொதல்ல சொல்ற விதத்தைக் கத்துக்க. நாலு பேரு மனசு நோகாம பேசணும்."

சோதிக்கச் சொன்னதும் இவர்கள்தான், சோதித்துச் சொன்னால் கோபித்துக்கொள்வதும் இவர்கள்தான்! கரையான் யார் மனசையாவது பார்த்தா தின்கிறது?

மறுநாள் ஆள்காட்டி தணிந்த குரலில் போய் நின்றது. "தம்பி முடைஞ்ச மாதிரி ஒரு கூட்டை நான் பாத்ததே இல்ல. அண்ணனோட மேற்பார்வையும் பிரமாதம். தப்பா எடுத்துக்காதீங்க, அந்தக் கிளை விஷயத்துல மட்டும் ஒரு சின்ன சந்தேகம்..."

"பாத்தீங்களா, இதுதான் பேச்சு!" என்று நாரை இறக்கையைத் தட்டியது. மற்றவையும் தட்டின. என்ன சந்தேகம் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

முட்டை வைக்கும் நாள் வந்தது. ஆள்காட்டி தயங்கி நின்றது. "எல்லாரும் வைக்கிறோம், நீ மட்டும் தள்ளி நின்னா நல்லாவா இருக்கு?" என்றது நாரை. நன்றாக இருக்காதுதான். ஆள்காட்டியும் தன் நான்கு முட்டைகளைக் கொண்டுபோய் வைத்தது. மரியாதைக்காக வைத்தது!

முதல் மழையிலேயே கிளை முறிந்தது. கூடு அப்படியே ஏரிக்குள் போனது. ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை.

கரையில் அழுதுகொண்டிருந்த ஆள்காட்டியிடம் நாரை வந்தது. வந்து என்ன சொன்னது தெரியுமா? "இவ்வளவு தெரிஞ்சிருந்தும், நீ கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமேம்மா!"

கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. நான்கு முட்டைகளையும் பறிகொடுத்த தாய்க்கு எப்படி இருந்திருக்கும்!

அந்த நாரை இன்றும் ஏரியில் தலைகுனிந்து நிற்கிறது. வெட்கப்படுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். மீன் தேடுகிறது.

ஆள்காட்டிதான் அன்றைக்குப் பிறகு எந்த மரத்திலும் கால் வைப்பதில்லை. வெறுந்தரையில் நான்கு முட்டையிட்டுப் பக்கத்திலேயே காவல் நிற்கிறது. யார் நெருங்கினாலும் சரி, மனசு நோகுமா என்று பார்க்காமல், எடுத்த எடுப்பிலேயே கத்துகிறது.