பந்தி கேட்ட ராஜா

முன்னொரு காலத்திலே வெள்ளிக்குன்றச் சீமையை இடிமுழக்கவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்குக் கோபம் மூக்கு நுனியில். பசியோ அதற்கும் முன்னால்.

அவனுக்கு ஒரு தெலுங்கு இளவரசியைப் பேசினார்கள். "மாப்பிள்ளை மொழிபெயர்க்கும் துபாஷி இல்லாமல் எங்கள் பாஷையில் பேச வேண்டும். இல்லையேல் பெண் கிடையாது" என்றார் பெண்ணின் அப்பா. இளவரசியின் படத்தைப் பார்த்தே கிறங்கியிருந்த ராஜா பதறிப்போனான்.

ஆஸ்தான பண்டிதர் அனந்தகோடி சாஸ்திரி ஒரு மாதம் தெலுங்கு இலக்கணத்தை உருப்போட வைத்தார். ஒருநாள் அரண்மனைக்கு வந்த தெலுங்கு வளையல்காரி கனகம்மாவிடம் ராஜா பெருமையாகத் தண்ணீர் கேட்டான்.

"நீள்ளு, நீள்ளனு, நீள்ளதோ, நீள்ளகு..." என்று தண்ணீருக்கு வேற்றுமை உருபுகளை வரிசையாக ஒப்பித்தான்.

"ராஜாவுக்குத் தாகமா, இல்ல தண்ணிக்கு மந்திரிக்கிறாரா?" என்று கனகம்மா கேட்டதும் சபை கொல்லென்று சிரித்தது. "பத்து நாள் என்கூட சமையல்கட்டுல உட்காருங்க சாமி. தெலுங்குல கேட்டாத்தான் சோறு!"

"அடுப்பங்கரையில் பாஷை வருமா? வந்தால் நான் கையில் வளையல் போட்டுக்கொள்கிறேன்!" என்றார் பண்டிதர்.

மறுநாள் காலை கனகம்மா, "ஏமி காவாலி?" என்றாள்.

ராஜா வாளை உருவினான். "யாரடி காவாலி? நானா போக்கிரி?"

"ஐயோ, என்ன வேணும்னு கேட்டேன் சாமி!"

வாள் உறைக்குள் போனது. வயிறு அடங்கவில்லை. "பந்தி காவாலி!" என்று கத்தினான். அவன் கேட்டது சாப்பாட்டுப் பந்தி. கனகம்மாவோ சிரிக்காமல் போய், ஒரு பன்றியைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்தாள். தெலுங்கில் பந்தி என்றால் பன்றியாம்! அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிச் சிம்மாசனத்தில் ஏறிக்கொண்டது. பத்தாம் நாள் ராஜா, "உப்பு லேது! உப்பு காவாலி!" என்று, குழம்பில் உப்பு இல்லையென்று தெலுங்கிலேயே சண்டை போட்டான்.

பெண்ணின் அப்பா மகளையும் நூறு வீரர்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். ராஜா தட்டுத்தடுமாறிப் பேசினான். அவருக்கு ஏக சந்தோஷம். சமையல்கட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. இலை போட்டதும் முந்திக்கொண்டு ஓடி, சாப்பாட்டுப் பந்திக்கு அழைப்பதாக நினைத்துக் கைகூப்பினார்: "பந்தி ரண்டி! பந்தி ரண்டி!"

வந்தவர்கள் காதில் அது 'பன்றிகளே, வாருங்கள்!' என்று விழுந்தது. நூறு வாளும் பாதி உருவப்பட்டன. கல்யாணம் போயிற்று என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

ராஜா நடுவில் பாய்ந்தான். தான் பந்தி கேட்டுப் பன்றி வந்த கதையை அரைகுறைத் தெலுங்கில் சொன்னான். வார்த்தை கிடைக்காத இடத்தில் நாலு காலில் ஓடி உறுமியும் காட்டினான். திரைக்குப் பின்னாலிருந்து முதலில் சிரித்தவள் இளவரசி. பிறகு அவள் அப்பா, பிறகு நூறு வீரர்களும். அன்றைக்கே தாலி ஏறியது.

கனகம்மாவுக்கு முத்துமாலை போட்டுவிட்டு, ராஜா பண்டிதரைப் பார்த்தான். அவர் தலைகுனிந்து கையை நீட்டினார்.

"இந்த வளையல் போட்ட கைதான் ராஜாவுக்குப் பாஷை ஊட்டிச்சு. மரியாதையா, தெலுங்குல கேளுங்க சாமி" என்றாள் கனகம்மா.

பண்டிதர் நீட்டிய கையை இறக்காமலே கேட்டார். "காஜுலு... காவாலி."

அவர் தெலுங்கில் பேசிக் கேட்டு வாங்கிய முதல் பொருள், அந்த ஒரு டஜன் பச்சை வளையல்தான்.