ஓடிப்போன அட்டவணை

சாயப்பட்டறையின் அறிக்கைகளைப் பிடிஎஃப் ஆக்கித் தருவது பொற்செல்வியின் வேலை. கிணற்றுநீர் கெட்டதைக் காட்டும் அட்டவணையைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளச் சொன்னார் மேலாளர் தாமோதரன். அவள் தெருக் கிணறும் அதில் இருந்தது. இருந்தும் தள்ளினாள், சோறு அங்கேதானே.

ஊர்க் கூட்டத்தில் பொற்செல்வியின் மடிக்கணினியிலிருந்து அறிக்கையைத் திரையில் காட்டினார்கள். "தண்ணீர் சுத்தம்னு போட்டிருக்கு. அட்டவணை எங்கே?" என்றார் கலெக்டர்.

"இடம் பத்தலைன்னா சாஃப்ட்வேரே பின்னால தள்ளிடும் சார். நம்ம கையில எதுவும் இல்ல" என்றார் தாமோதரன்.

"இருக்கு சார்," என்றாள் பொற்செல்வி, உதவி செய்பவள்போல. "இங்கேயே நில்லுன்னு சாஃப்ட்வேருக்கு ஒரு வரி கட்டளை சேர்த்தா நிக்கும். சேர்க்கட்டுமா?"

"சேர்த்துடும்மா" என்றார் கலெக்டர்.

'தண்ணீர் சுத்தம்' என்ற வரிக்கு நேர்கீழே வந்து உட்கார்ந்தது அட்டவணை. ஊரே படித்தது.

அடுத்த மாதம் அவளுக்குச் சம்பளம் வரவில்லை. போய்க் கேட்டாள்.

"சாஃப்ட்வேரே உன் பேரைத் தூக்கிடுச்சும்மா," என்றார் தாமோதரன். "நம்ம கையில எதுவும் இல்ல."