பூதக் குழந்தையின் கண்ணுக்குள் ஒரு கொடி

முன்னொரு காலத்தில், மலைகளுக்கு இன்னும் பேர் வைக்காத காலத்தில், இடும்பாயி என்றொரு பூதம் இருந்தாள். பூதம் என்றதும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடாதீர்கள். இவள் யாரையும் தின்றதில்லை, கூழ்தான் குடிப்பாள். பாவம், முகம்தான் அப்படி. பல் வெளியே, கண் சிவப்பு, தலைமுடி ஒரு பனங்காடு. பார்த்தவர்கள் எல்லாம் அலறி ஓடினார்கள்.

அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்த நேரம் பார்த்து கருமூக்கன் என்ற மந்திரவாதி வந்து, "என் கோட்டைக்குக் காவல் இரு" என்றான்.

"ஊரைக் கொள்ளையடிச்சுக் கட்டின கோட்டைக்கா? மாட்டேன்" என்றாள் இடும்பாயி.

"அப்படியா! உன் பிள்ளைக்குக் கண் இருக்கும், காட்சி இருக்காது. முதல் பல் முளைக்கும் முன்னே இந்த மந்திரக் கட்டை எவராவது அவிழ்த்தால் சரி. முளைத்துவிட்டால் அவ்வளவுதான்!" என்று சொல்லிவிட்டு மறைந்தான்.

குழந்தை தவழ்ந்தான். அம்மா முகத்துக்கு நேரே கையை ஆட்டினாலும் விழி அசையவில்லை. ஈறு தடித்து, கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்க ஆரம்பித்தான். இடும்பாயி அழுத அழுகையில் மலை ஓடை உப்புக் கரித்தது.

அடிவாரத்தில் பந்தல் போட்டுப் பாகலும் புடலையும் வளர்த்தவள் மருதாயி. உப்புத் தண்ணீரில் கொடிகள் கருகின. கோபத்தோடு ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். மேலே போனால், எதிரே பூதம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் இப்படி அழுவுறீங்க? என் பாவக்கொடி எல்லாம் போச்சு!"

ஓடாமல் நின்று பேசிய முதல் ஆள் அவள்தான். இடும்பாயி மூக்கைச் சிந்திக்கொண்டு நடந்ததைச் சொன்னாள்.

"இவன் கண்ணுக்குப் பின்னாலே வெளிச்சக்கொடி முளைக்குது தாயி. அது பின்மண்டையிலே இருக்கிற காட்சி மண்டபத்தைத் தொட்டாத்தான் பார்வை. போற கொடியெல்லாம் பாதி வழியிலே பட்டுப்போவுது. ஏன்னுதான் தெரியலை."

"கொடிதானே? நான் போய்ப் பார்க்கிறேன்."

இடும்பாயி ஓர் ஊது ஊதினாள். மருதாயி கடுகாகச் சுருங்கி, குழந்தையின் கண்ணோரமாய் உள்ளே நுழைந்தாள்.

அங்கே ஒரு கொடி, நுனியில் குட்டி விரல்களை விரித்து, காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. மருதாயி அவசரத்தில் அதைப் பிடித்து இழுத்தாள்.

"அடியே, இழுக்காதே! நானே தொடுவேன், நானே முகருவேன், அப்புறம்தான் ஒரு விரல் நீளுவேன்" என்றது கொடி.

மருதாயி கையை எடுத்துவிட்டு அதன் கழுத்தில் ஏறி உட்கார்ந்தாள். கொடி தொட்டது, முகர்ந்தது, ஒரு விரல் நீண்டது. ஒரு பக்கம் கசப்பு வாடை வந்தது, விலகிப் போனது. ஒரு பக்கம் பிடிமானம் கிடைத்தது, பற்றிக்கொண்டது. பின்னாலே ஆயிரம் சின்னக் கொடிகள் இதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தன. தலைக்கு நடுவே ஓர் ஆறு. அதிலிருந்து செண்பக வாசனை வீசியது.

"ஆகா!" என்று கொடி ஒரே மூச்சில் ஆற்றைத் தாண்டியது. தாண்டியதும் தலையைத் திருப்பியது.

"என்ன பண்றே? மண்டபம் முன்னாடி இருக்கு!"

"வாசனை பின்னாடி இருக்கே. நான் திரும்பிப் போறேன்."

மருதாயி கீழே இறங்கினாள். கரை நெடுக எத்தனையோ கொடிகள். போவதும் வருவதுமாய்ச் சுற்றிச் சுற்றி, அங்கேயே காய்ந்து கிடந்தன. குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றின் தொண்டையிலும் கறுப்பாக ஒரு பொட்டு அரக்கு. தன் கொடியின் தொண்டையைத் தடவினாள். அங்கேயும் அதே அரக்கு!

நகத்தால் கீறினாள், வரவில்லை. கல்லால் சுரண்டினாள், வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள், பட்டென்று பெயர்ந்தது. அடியில் சுருண்டு கிடந்த இன்னொரு மூக்கு மெல்ல விரிந்தது.

"சீச்சீ, என்ன நாத்தம் இந்த ஆறு!" என்றது கொடி.

"இப்பத்தானே ஆகான்னு சொன்னே?"

"அது அக்கரையிலேடி. தாண்டின பிறகு அதே வாசனை எங்களுக்கு ஆகாது. இந்த ரெண்டாவது மூக்கு அதுக்குத்தான் இருக்கு. இல்லேன்னா இந்த இடத்தை விட்டு எவ கிளம்புவா?"

கருமூக்கனின் சூது இதுதான். வழியை அவன் அடைக்கவே இல்லை. அந்த மூக்கை மட்டும் அடைத்திருந்தான். மருதாயி பின்னால் வந்த மற்றக் கொடிகளின் அரக்கையும் கடித்துப் பெயர்த்தாள். பெயர்ந்த அரக்கெல்லாம் பறந்து போய் அவன் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவனுக்குச் சோற்று வாசனைகூடத் தெரியவில்லை. நன்றாக வேண்டும்!

கொடி மண்டபத்தை அடைந்தது. அங்கே ஆயிரம் கதவுகள். முதல் கதவைத் தொட்டது: "இது இல்லை." அடுத்ததைத் தொட்டது: "இதுவும் இல்லை." மூன்றாவது கதவு தானே திறந்தது. உள்ளிருந்து ஒரு கை, பால் கிண்ணத்தை நீட்டியது. "வந்துட்டியா? களைச்சுப்போயிருப்பே, குடி." கொடி குடித்தது, தடித்தது, பச்சென்று நின்றது. பின்னால் வந்தவையும் தத்தம் கதவைத் தேடிக்கொண்டன. மண்டபம் முழுக்க வெளிச்சம்.

மருதாயி ஒரு கண்ணீர்த் துளியோடு வழுக்கி வெளியே விழுந்து, பழையபடி ஆள் ஆனாள். பார்த்தால், இடும்பாயி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

"பார்வை வந்திருச்சும்மா! கையை எடுங்க!"

"வேணாம் தாயி. இவனும் என்னைப் பார்த்து அலறிட்டா நான் எங்கே போவேன்?"

மருதாயி அந்தப் பெரிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விலக்கினாள். குழந்தை அந்தப் பற்களைப் பார்த்தான், சிவந்த கண்களைப் பார்த்தான், பனங்காட்டு முடியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு வாயெல்லாம் திறந்து சிரித்தான். கீழ் ஈற்றில், வெள்ளையாக, முதல் பல்லின் முனை அப்போதுதான் எட்டிப் பார்த்தது.

அதன் பிறகு யார் அலறி ஓடினாலும் இடும்பாயி கவலைப்படவில்லை. ஓடைத் தண்ணீர் தித்தித்தது. ஆனை படுத்தாலும் தாங்குகிற மாதிரி மருதாயிக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தாள். அதில் பாகல் காய்த்துத் தொங்கியது. கதை கேட்ட உங்கள் வீட்டிலும் காய்க்கட்டும்.