பள்ளத்து விடியல்

மலைமேல் பங்களாவில் குடியிருந்த பண்ணையார் வேதாசலம், கீழே பள்ளத்து வயலில் களையெடுக்கும் பெண்களைக் கூப்பிட்டார்.

"சித்திரையில வெள்ளனவே வந்தீங்க. இப்ப கார்த்திகையில, என் முற்றத்துல வெயில் விழுந்தும் வயல்ல ஆளில்லை. நாளைக்கும் தாமதிச்சா வேலை கிடையாது."

அவர்களில் ஒருத்தியான அஞ்சலை சொன்னாள்: "சித்திரையில சூரியன் எதிர்மலையை விட்டு விலகி உதிக்கும் ஐயா. இப்ப அதுக்குப் பின்னால உதிக்குது. சரி, வர்றோம். முதல் களையை நீங்க எடுத்துக் குடுங்க."

மறுநாள் முற்றத்தில் வெயில் விழுந்ததும் பண்ணையார் இறங்கி வந்தார். மலை நிழலும் பனிமூட்டமும் சேர்ந்து பள்ளத்தில் இன்னும் இருட்டு விலகவில்லை. குனிந்து தடவி ஒரு பிடி பிடுங்கினார்.

"கையிலேயே வச்சிருங்க ஐயா" என்றாள் அஞ்சலை.

எல்லோரும் வரப்பில் காத்திருந்தார்கள். வெயில் மலையைத் தாண்டி வந்தபோது அவர் கையில் இருந்தது நெற்பயிர்.

குனிந்து அதைச் சேற்றில் ஊன்றினார்.

"இங்க விடிஞ்ச பிறகே வாங்கம்மா" என்றார்.