பைனான்ஸ் கடையில் மாவு அரைத்த குடும்பம்

ஆவுடையப்பன் வீட்டுப் பணம் மொத்தமும் தென்னை மரத்து உச்சியில் இருந்தது. வீட்டு ஆட்கள் மொத்தமும் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் உளுந்து இல்லை. உளுந்து இல்லாவிட்டால் மாவு இல்லை. மாவு விற்காவிட்டால் தவணை கட்ட முடியாது. தவணை கட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை பைனான்ஸ்காரர் வந்து கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்குச் செவ்வாய்.

"ஏறி எடுத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், தெருவிலேயே நான் ஒருத்தன்தான் முட்டாள் என்பதுபோல.

அந்த நாலு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆவுடையப்பன் வீட்டுத் தலைவர். பிச்சம்மாள் அவர் மனைவி. சொரிமுத்து அவர் தம்பி. கொம்பையா பிச்சம்மாளின் தம்பி, ஆள் நல்ல உயரம், அதைத் தவிர வேறு விசேஷம் கிடையாது. எங்கள் எதிர்வீடு. இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். கிரைண்டர் வாங்க பைனான்ஸ் மாசிலாமணி அண்ணாச்சியிடம் நாற்பதாயிரம் கடன். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கிரைண்டர், ஒரு கடன். மூளையைப் பற்றி நான் பேசவில்லை.

கடனை அடைப்பது எப்படி என்று மகளிர் குழு எஸ்தர் அக்காவிடம் பிச்சம்மாள் கேட்டு வந்திருந்தாள். எஸ்தர் அக்கா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கேட்ட ஆட்கள்தான் தப்பு.

"வரும்படியில கொஞ்சத்தை எடுத்துக் கைக்கு எட்டாத இடத்துல வச்சிரணுமாம்" என்று பிச்சம்மாள் வந்து சொன்னதும், வீட்டில் பெரிய விசாரணை நடந்தது. முதலில் பணத்தைப் பரணில் வைத்தார்கள். கொம்பையாவைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார்கள்.

"எட்டுது அத்தான்."

ஓட்டுக்குள் செருகினார்கள். ஸ்டூல் போட்டு ஏறினான்.

"எட்டுது அத்தான்."

"உன்னை யாருல இம்புட்டு வளரச் சொன்னா?" என்று ஆவுடையப்பன் எரிந்து விழுந்தார்.

கடைசியில் தேங்காய் பறிக்கிற தங்கப்பழத்தை வரவழைத்து, பிஸ்கட் டப்பாவில் பணத்தைப் போட்டு, மட்டை இடுக்கில் வைத்துக் கட்டச் சொன்னார்கள். அவன் கட்டிவிட்டு இறங்கினான். கொம்பையா கையை நீட்டினான். எட்டவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அப்போதுதான் சொரிமுத்துவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, நம்ம கைக்கு எட்டாது. தங்கப்பழம் கைக்கு எட்டுதே?"

எல்லோரும் தங்கப்பழத்தின் கையைப் பார்த்தார்கள். பிறகு, மரத்தில் ஏறாமல் இருப்பதற்காகத் தங்கப்பழத்துக்குத் தினமும் ஒரு பாக்கெட் மாவு கொடுப்பது என்று முடிவானது. அவன் வேண்டாம் என்றா சொல்லுவான்? அன்றிலிருந்து அவன் வீட்டில் இட்லிதான்.

ஆகவே செவ்வாய்க்கிழமை பணம் மேலே, அவர்கள் கீழே. ஏறி எடுக்கலாம் என்று சொன்ன என்னிடம் ஆவுடையப்பன் பொறுமையாக விளக்கினார்: "எடுத்துட்டா அது எட்டுற இடம் ஆயிரும்லா தம்பி?"

நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பணம் இல்லை என்றதும் எஸ்தர் அக்கா சொன்ன அடுத்த விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். செலவைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில் மிச்ச மாவை விற்ற சில்லறையோடு சொரிமுத்துவை உளுந்து வாங்கச் சந்தைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸுக்கு எவ்வளவோ அதில் பாதிதான் கொடுத்தார்கள். அவனும் பாதித் தூரத்துக்கு டிக்கெட் வாங்கி, ஒரு கருவேலங்காட்டில் இறங்கி, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தான். மத்தியானம் மறுபடி அனுப்பினார்கள். மறுபடி பாதிக் காசு. மறுபடி அதே கருவேலங்காடு.

"காலையில பாதி, இப்பம் பாதி. ரெண்டு பாதி போயாச்சு. சந்தை வந்திருக்கணும்லா?" என்றார் ஆவுடையப்பன்.

"கணக்கு சரிதாண்ணே. சந்தையைத்தான் காணல."

"எடுத்திருப்பாங்க. இப்பம்லாம் ரோடு போடுதேன்னு எதையாவது எடுத்திருதான்" என்றான் கொம்பையா.

வேறு வழியில்லாமல் பிச்சம்மாள் பக்கத்துக் கடையில் உளுந்து வாங்கினாள். அதை வழக்கம்போல் அரைத்திருக்கலாம். கரண்டுச் செலவும் பாதியாக வேண்டுமே! கிரைண்டரைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மாவு என்ற பெயரில் ஒரு பொருளைப் பாக்கெட் போட்டு விற்றார்கள். மறுநாள் விடியும்போதே மேலத்தெரு ராசம்மா பாக்கெட்டோடு வந்து நின்றாள்.

"என்னட்டி இது? அரிசி முழுசு முழுசாக் கிடக்கு!"

"பாதி நாங்க அரைச்சிருக்கோம் மயினி. மீதியை நீங்க வாயில அரைச்சுக்கிடுங்க. பல்லு இருக்குல்லா?" என்றாள் பிச்சம்மாள், ரொம்ப அன்பாகத்தான்.

ராசம்மா பாக்கெட்டை வாசலிலேயே வீசிவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே செய்தார்கள். கோழிகள் மட்டும் திருப்தியாக இருந்தன.

புதன்கிழமை சாயங்காலம் ஆவுடையப்பன் கவலையோடு உட்கார்ந்திருந்தார். "பிச்சு, கிரைண்டர் போயிரும் போலிருக்கே. அது போனா நாம என்னத்தைத் தின்ன?"

பிச்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சீதனமாக வந்த தோட்டை விற்று அந்தக் கிரைண்டருக்கு முன்பணம் கட்டியவள் அவள். தினமும் பொட்டு வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவாள். இந்த ஒரு இடத்தில் எனக்கே பாவமாக இருந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சின்னக் கடனை முதல்ல அடைக்கணும்னு எஸ்தரக்கா சொன்னாவ" என்றாள். பாவமாக இருந்தது அத்தோடு போய்விட்டது.

"நம்மகிட்ட சின்னக் கடன் இல்லையே" என்றார் ஆவுடையப்பன்.

"அதான் பிரச்சினையே! இருந்தாத்தான அடைக்க முடியும்?" என்றான் சொரிமுத்து.

உடனே மூன்று ஆண்களும் கிளம்பி டீக்கடை செல்லத்துரையிடம் போனார்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் கடன் கேட்டார்கள். அவர் கொடுத்தார். வாங்கி, எண்ணிப் பார்த்து, அங்கேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

"என்னவே இது?" என்றார் செல்லத்துரை.

"கடனை அடைச்சிட்டோம்."

"சரி, போங்க."

"இன்னொரு பத்து ரூவா கடன் தாரீரா?"

கடை மூடுகிறவரைக்கும் வாங்குவதும் அடைப்பதுமாக இருந்தார்கள். டீக்கு வந்த ஆட்களெல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். செல்லத்துரைக்குத் தலை சுற்றி, கடைசியில் அவரே அவர்களிடம் பத்து ரூபாய் கடன் கேட்டார். ஆவுடையப்பன் வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார்.

"ஏட்டி, இந்த ஊர்ல ஒரே நாள்ல இத்தனை கடனை அடைச்சவன் எவனும் கிடையாது."

அன்றைக்கு அந்த வீட்டில் பாயசம் வைத்தார்கள். பாதி வெந்த பாயசம்.

வியாழக்கிழமை விடிந்ததும் கொம்பையா கேட்டான், "அக்கா, எஸ்தரக்கா வேற என்ன சொன்னாவ?"

"கடன் குடுத்தவரைக் கண்டு ஓடி ஒளியக் கூடாது. நேரா அவர் முன்னால போயி நின்னு நிலைமையைச் சொல்லணும்."

போனார்கள். மாசிலாமணி அண்ணாச்சி சலூனில் முகத்தில் நுரையோடு சாய்ந்திருந்தார். கண்ணாடிக்கும் அவருக்கும் நடுவில் மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, நிலைமை மோசமா இருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

"நாளைக்குப் பேசுவோம். தள்ளி நில்லும்."

தள்ளி நின்றால் முன்னால் நின்றதாக ஆகாது என்பதால் தள்ளவில்லை. சவரம் செய்கிறவர் கொம்பையாவின் கக்கத்துக்குள் கையை விட்டுத்தான் மீசையை ஒதுக்க வேண்டியிருந்தது. ஒரு பக்க மீசை கொஞ்சம் கூடுதலாகவே ஒதுங்கிவிட்டது. பிறகு அண்ணாச்சி கோயிலுக்குப் போனார். சாமிக்கும் அவருக்கும் நடுவில் மூன்று பேர். ஓட்டலுக்குப் போனார். இலைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், அவர் அள்ளுகிற ஒவ்வொரு வாய்க்கும் "நிலைமை மோசமா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டு. சாம்பார்கூட வாங்காமல் எழுந்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில கிரைண்டரைத் தூக்கலைன்னா நான் மாசிலாமணி இல்ல!" என்று நடுரோட்டில் நின்று கத்தினார்.

சொன்னபடியே வெள்ளிக்கிழமை லோடு ஆட்டோவோடு வந்தார்.

"கையில காசே இல்லையாவே?"

"இருக்கு அண்ணாச்சி. தென்னை மரத்துல இருக்கு."

கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து அவருக்கு முகம் சிவந்தது. டப்பாவைக் காட்டினார்கள். அண்ணாச்சி தங்கப்பழத்தைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார்.

"மாட்டேன் அண்ணாச்சி. ஏறாம இருக்கதுக்கு மாவு வாங்கித் தின்னுருக்கேன். வயித்துக்குத் துரோகம் பண்ணச் சொல்லுதீயளா?" என்றான் அவன்.

மேலே இருந்தது எப்படியும் வட்டிக்குக்கூடப் போதாது. அண்ணாச்சி கிரைண்டரைக் கை காட்டினார். கொம்பையா ஓடிப்போய் ஒரு கை பிடித்தான். சொரிமுத்து கயிறு கட்டினான். ஆவுடையப்பன், "பாத்துத் தூக்குங்கப்பா, குழவியை அசங்காமப் பிடிங்க" என்று ஆட்டோ டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆட்டோ தெருமுனையில் திரும்புகிறவரை பிச்சம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பிப் பார்த்தால் இரண்டு வாளியில் அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருக்கின்றன.

"இதை என்ன செய்ய?" என்றாள்.

நாலு பேரும் வாளியைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். மற்றவர்கள் யோசித்தால் தலை வலிக்கும். இவர்கள் யோசித்தால் ஊருக்கே வலிக்கும்.

"கிரைண்டர்ல போடணும்" என்றான் கொம்பையா.

"கிரைண்டர் எங்க இருக்கு?"

"அண்ணாச்சி கடையில இருக்கு."

"அப்பம் அங்கதான் போடணும்" என்று ஆவுடையப்பன் தீர்ப்புச் சொன்னார்.

சனிக்கிழமை அண்ணாச்சி தன் பைனான்ஸ் கடைக்கு வந்தபோது மின்விசிறி ஓடவில்லை. பையன் கடையைத் திறந்ததுமே நாலு பேரும் வாளியோடு உள்ளே நுழைந்து, அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிரைண்டரை ஓட விட்டிருந்தார்கள். கரண்டு அவருடையது என்பதால் பாதியில் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. முழுதாக அரைத்தார்கள். வெண்ணெய் மாதிரி வந்தது மாவு. ராசம்மா முதல் ஆளாக நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது. கடன் கேட்க வந்தவன் ஒருத்தன் வரிசையில் கடைசியில் நின்று, ஒரு பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அண்ணாச்சியின் நாற்காலியில் மாவு, மேஜையில் மாவு, நோட்டு எண்ணுகிற பையன் விரலில் மாவு. ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றன.

"வெளிய போங்க! எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வெளிய போங்க!"

"மாவு எங்களுது அண்ணாச்சி, எடுத்துக்கிடுதோம். கிரைண்டர் உங்களுதுல்லா? அதை நாங்க தூக்கினா திருட்டு ஆயிரும்" என்றார் ஆவுடையப்பன்.

அண்ணாச்சி கடைப் பையன்களை விட்டுக் கிரைண்டரை ரோட்டில் வைக்கச் சொன்னார். அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் சொரிமுத்துவும் கொம்பையாவும் அதை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள்.

"உங்க பொருள் ரோட்டுல கிடந்துது அண்ணாச்சி. களவு போயிரும்."

மறுபடி வெளியே. மறுபடி உள்ளே. இப்படியே மத்தியானம் ஆனது. பையன்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி மாவு படிந்த நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"சரிவே. கிரைண்டர் உம்முது. போதுமா?"

"வாயால சொன்னா எப்பிடி? எழுதித் தாங்க" என்றான் கொம்பையா.

அண்ணாச்சி ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டு எழுதினார். 'கிரைண்டரை ஆவுடையப்பனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடன் பாக்கி ஏதும் இல்லை.' கீழே தன் கையெழுத்தைப் போட்டார். கோடு ஒன்று கிழித்து, பேனாவை ஆவுடையப்பன் கையில் கொடுத்தார். நாற்பதாயிரம் போனாலும் பரவாயில்லை, மூச்சு விட்டால் போதும் என்கிற முகம்.

"இந்தக் கோட்டுல ஒரு கையெழுத்துப் போடும். உம்ம கடன் ஒழிஞ்சுது. கிரைண்டரைத் தூக்கிக்கிட்டு நல்லபடியா வீடு போய்ச் சேரும்."

ஆவுடையப்பன் தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். குனிந்தார். பேனா தாளைத் தொட்டது.

"ஏங்க!" என்று பிச்சம்மாள் மாவுக் கையோடு ஓடிவந்தாள். "போட்டுராதிய! மொதல்ல ஒரு கையெழுத்துப் போட்டதுக்கே இம்புட்டுப் பாடு படுதோம். ரெண்டாவது வேற போடப் போறியளா?"

ஆவுடையப்பன் நிமிர்ந்துவிட்டார்.

"ஏட்டி, நல்லவேளை சொன்ன."

"யோவ்!" அண்ணாச்சிக்குக் குரல் உடைந்துவிட்டது. "அது கடன் வாங்கப் போட்டது. இது கடன் இல்லைன்னு போடுதது. போடும்வே. உம்ம கால்ல வேணும்னாலும் விழுதேன். இந்தாரும், ஆயிரம் ரூவா. பிடியும். பிடிச்சிட்டுக் கையெழுத்தைப் போட்டுத் தொலையும்!"

ஆவுடையப்பன் அந்த ரூபாயைப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. தம்பியையும் மச்சினனையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியளால? மொத தடவையும் இப்பிடித்தான். ரூவாயை ஒரு கையில குடுத்துட்டு, பேனாவை இன்னொரு கையில குடுத்தாரு."

பேனாவை மூடி, அண்ணாச்சியின் சட்டைப் பையில் பத்திரமாகச் செருகிவிட்டு, அடுத்த வாளி உளுந்தைத் தூக்கிக் கிரைண்டரில் கொட்டினார்.