இருபத்து நான்கில் ஒரு யானை

மலைகள்கூட வளர்ந்து முடியாத ஒரு காலத்திலே, நீலவரை என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு இளவரசியின் பெயர் ஆம்பல். அவளுக்கு உயிருக்கு உயிரான தோழி, முகிலி என்கிற யானை.

ராஜாவுக்கோ ஆசை அடங்கவில்லை. உலகத்திலேயே பெரிய யானை தன்னிடம்தான் இருக்கவேண்டும் என்று பறையறைவித்தார். அதைக் கேட்டு வந்து சேர்ந்தான் சுழியன் என்ற மாயாவி. கையில் ஒரு கருங்கோல், தோளில் ஒரு பை.

"உங்கள் யானையை மூன்று தரம் பெருக்கித் தருகிறேன், ராஜா. ஆனால் எந்த எண்ணால் பெருக்குவது என்பது என் இஷ்டம்."

"எந்த எண்ணானால் என்ன? பெருக்கினால் பெரிதாகத்தானே ஆகும்! பெருக்கு!"

சுழியன் கோலை ஓங்கினான். "அரையால் பெருகு!" என்றான். முகிலி பாதி உயரம் ஆகிவிட்டாள். "மூன்றில் ஒன்றால் பெருகு!" என்றான். ஆட்டுக்குட்டி உயரம் ஆகிவிட்டாள். "நான்கில் ஒன்றால் பெருகு!" என்றான். அவ்வளவுதான், புல்லுக்குள் முகிலியைக் காணவே காணோம்!

ஆம்பல் ஓடிப்போய்த் தேடி எடுத்தாள். உள்ளங்கையில் நின்றது முழு யானை! பூவிதழ் போல இரண்டு காதுகள். எள்ளுப் போல இரண்டு கண்கள். அது பிளிறியபோது கொசுவின் ரீங்காரம்தான் கேட்டது.

"பெருக்கச் சொன்னால் சுருக்கிவிட்டாயே!" என்று ராஜா கத்தினார்.

"அரையால் பெருக்கினால் பாதிதானே கிடைக்கும், ராஜா? இனி இவள் என் பைக்கு. வேண்டுமானால் ஒன்று செய்யலாம். வெயில் இறங்குவதற்குள், பழைய உயரத்தில் இவள் எத்தனையில் ஒரு பங்கு என்று சொல்லுங்கள். சரியாகச் சொன்னவர் பேச்சை என் கோல் கேட்கும். இரண்டு தரம் தப்பாகச் சொன்னால் யானை எனக்கு."

ராஜா விரல்விட்டு எண்ணினார். "இரண்டு, மூன்று, நான்கு... கூட்டினால் ஒன்பது. ஒன்பதில் ஒரு பங்கு!"

"தப்பு!" என்று சிரித்தான் சுழியன்.

மேற்கே வெயில் சிவந்துகொண்டு வந்தது. "கூட்டாதீர்கள், அப்பா" என்றாள். "அவன் பாதியிலே மூன்றில் ஒன்றை எடுத்தான். அப்புறம் அதிலே நான்கில் ஒன்றை எடுத்தான். பங்குக்குள்ளே பங்கு!"

தன் பட்டு மேலாடையைத் தரையில் விரித்தாள். முகிலியின் பழைய உயரமும் அதன் நீளமும் ஒன்றுதான். இதுதான் முழு முகிலி என்று நினைத்துக்கொண்டாள். அதன் நீளத்தைப் பாதியாக மடித்தாள். மடித்ததை மூன்றாக மடித்தாள். அதையும் நான்காக மடித்து அழுத்தினாள். பிறகு மெல்லப் பிரித்தாள்.

அடேயப்பா! பட்டு முழுக்க மடிப்புக் கோடுகள். இரண்டு பாதியிலும் மும்மூன்று, ஆக ஆறு. அந்த ஆறில் ஒவ்வொன்றிலும் நான்கு கட்டங்கள். எண்ண எண்ண அவள் கண்கள் அகன்றன. ஒரு கட்டத்தின் மேல் முகிலியைப் படுக்கவைத்தாள். கச்சிதமாகப் பொருந்தினாள்!

"இருபத்து நான்கில் ஒரு பங்கு!"

கருங்கோல் வைரம் போல ஒளிவிட்டது. சுழியனின் பிடியை உதறிக்கொண்டு அவள் கைக்குப் பறந்து வந்தது.

"இருபத்து நான்கால் பெருகு!" என்றாள் ஆம்பல்.

முகிலி வளர்ந்தாள். முழங்கால் உயரம், தோள் உயரம், மாட உயரம்! இந்தத் தடவை அவள் பிளிறியதில் அரண்மனைக் கதவுகள் அதிர்ந்தன. கோலின் ஒளி பட்டு மாயாவியின் பையும் கிழிந்தது. உள்ளேயிருந்து ஒரு தேர் தேர்க்காரர்களோடு உருண்டு வந்து வானளவு உயர்ந்தது. ஓர் ஆலமரம் தன் பறவைகளோடு விரிந்தது. பாய்மரக் கப்பல் ஒன்று மாலுமிகளோடு முற்றத்தில் எழுந்து நின்றது. ஊர் ஊராக அவன் சுருக்கித் திருடியவை எல்லாம்! கோல் சாம்பலாய் உதிர்ந்தது. காவலர்கள் சுழியனின் கையைப் பிடித்தார்கள்.

ராஜா மகளை அணைத்துக்கொண்டார். "எனக்கு முகிலியின் இந்த உயரமே போதும், அம்மா" என்றார்.

தேர்க்காரர்கள் தேரை இழுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கப்பலுக்குத்தான் அங்கே தண்ணீர் இல்லை. ஆம்பல் முகிலியின் கழுத்தில் ஏறிக்கொண்டாள். முகிலி கப்பலைக் கயிறு கட்டி, வயல் வரப்பெல்லாம் தாண்டி ஆறு வரைக்கும் இழுத்துப் போனாள். பாய் விரித்துக்கொண்டு ஒரு கப்பல் நெல்வயல் நடுவே போவதை, நீலவரைச் சனம் மொத்தமும் மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டு நின்றது.