பக்கத்து சீட்

“இன்னும் எதைக் கழற்றலாம், டீச்சர்?”

அந்தோணிதுரை கேட்டான். கன்னியாகுமரியிலிருந்து நாகப்பட்டினம் வரை சூரிய சக்தியில் ஓடும் கார்களுக்கான பந்தயம். அன்று இரண்டாம் நாள். இவன் கார் இரண்டாவது இடத்தில் இருந்தது.

பைக் பந்தயங்களில் பதினெட்டு வருஷம் ஓடியவன் அவன். இந்தக் காரைச் செய்த நஸ்ரின் அவனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் வெயிலை வைத்து வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் டீச்சர் என்றே கூப்பிடுவான்.

எடை குறைந்தால் வேகம் கூடும். சீட் மெத்தையை எடுத்துவிட்டான். தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றி, பின்னால் வரும் வேனில் போட்டுவிட்டான்.

“பக்கத்து சீட்டைக் கழற்றிடட்டுமா? ஆள் ஏத்தலாம்னுதான் விதி. ஏத்தியே ஆகணும்னு இல்லையே.”

நஸ்ரின் சாலையோரத்துக்கு நடந்தார்.

சாயல்குடி போகும் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு ஒரு பெண் அங்கே நின்றிருந்தாள். பெயர் முத்துக்கனி. உப்பளத்தில் வேலை. கண் எரிச்சலுக்கு மருந்து வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுத்த பஸ் மதியம்தான். அதற்குள் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

நஸ்ரின் காரின் கதவைத் திறந்தார்.

“ஏறுங்கக்கா.”

அந்தோணிதுரை பதறிவிட்டான். “டீச்சர், அவங்களை வேன்ல ஏத்திக்கலாமே!”

“வேன் டீசல்ல ஓடுது. வெயில்ல ஆளை ஏத்திட்டுப் போகத்தான் இந்தக் காரைச் செஞ்சேன்,” என்றார் நஸ்ரின்.

நஸ்ரின் வேனில் ஏறிக்கொள்ள, கார் கிளம்பியது. அறுபதில் போனது ஐம்பதுக்கு இறங்கியது. ஒரு கார் முந்தியது. இன்னொன்றும் முந்தியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

“சத்தமே இல்லையே தம்பி. எதுல ஓடுது?”

“வெயில்ல.”

“வெயில்லயா?”

“மேல இருக்கிற தகடு வெயிலைக் கரண்டா மாத்திடும்கா.”

முத்துக்கனி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். கண் கூசி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“என் கண்ணைக் கெடுத்ததே இந்த வெயில்தான். இப்ப அதுவே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போகுதா!”

அவனுக்கும் சிரிப்பு வந்தது. அதன் பிறகு எத்தனை கார் முந்தியது என்று அவன் எண்ணவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான். சீட்டுக் கொடுக்கும் ஜன்னல் இன்னும் திறந்திருந்தது. முத்துக்கனி இறங்கி, இரண்டடி போய், திரும்பி வந்தாள்.

“அடுத்த வியாழக்கிழமையும் மருந்துக்கு வரணும் தம்பி. இந்த வண்டி வருமா?”

இது பந்தயக் கார் என்று சொல்ல வாயெடுத்தான். பின்னால் வேன் வந்து நின்றது. நஸ்ரின் இறங்கி, அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தோணிதுரை ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

“எத்தனை மணிக்கு வந்தா உங்களுக்குத் தோதுப்படும்கா?”

“எட்டரைக்கு வந்தாப் போதும். ஆனா உப்பளத்துல கண் எரியிறவங்க நாங்க ஆறு பேர் இருக்கோம்.”